எங்கள் கராஜில் ஒரு ஒலிம்பியாக் கல்

எங்கள் வீட்டுக் கராஜில், அரிசி மூட்டைகளுக்கும் பழைய வொஷிங் மெசினுக்கும் நடுவில், போர்வை சுற்றிய ஒரு கருங்கல் பலகை கிடக்கிறது. கல்லறைக் கல் வெட்டுகிற கடையில் சொல்லிச் செய்வித்தது. அதில் பெயர் வெட்டப்பட்டிருக்கிற மனிதன் உயிரோடுதான் இருக்கிறான். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊர்ப் பக்கம் பஸ் ஓட்டுகிறான். கல்லைச் செய்வித்தவர் என் கணவர் பத்மநாதன். ஹரோவில் குடிவரவு ஆலோசனை அலுவலகம் வைத்திருப்பவர், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் லண்டன் பழைய மாணவர் சங்கத்துக்கு அசைக்க முடியாத தலைவர். புருஷன் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இனி இவர் என்றே சொல்கிறேன். மரியாதையால் அல்ல, பழக்கத்தால்.

கல்லின் கதைக்கு முன்னால் வயதின் கதையைச் சொல்ல வேண்டும். லண்டனில் எங்கள் ஆட்கள் பலருக்கு இரண்டு வயது உண்டு. ஒன்று தாய் பெற்ற வயது, மற்றது ஹீத்ரோவில் வாயால் பெற்ற வயது. பதினெட்டுக்குக் குறைந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று யாராவது வழியில் சொல்லியிருப்பார்கள். பயத்தில் சொன்ன அந்த வயது பிறகு விசாவுக்கும் பாஸ்போட்டுக்கும் லைசென்சுக்கும் ஏறி, அப்படியே நிலைத்துவிட்டது. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இதைச் சொல்வதில்லை. சின்னதுகள் பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிடும் என்ற பயம்.

ஆனால் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹரோவில் கவுன்சில் மைதானத்தை வாடகைக்கு எடுத்துச் சங்கம் விளையாட்டு விழா நடத்தும்போது, ஒருவரும் ஒருவரிடமும் பத்திரம் கேட்கமாட்டார்கள். எந்த ஆண்டு ஓ.எல். சோதனை எடுத்தாய் என்பதுதான் கேள்வி. கூடப் படித்தவர்கள் கூடவே நிற்பார்கள், கூடவே ஓடுவார்கள். எங்கள் ஆட்கள் தங்கள் சொந்த வயதோடு நடமாடுகிற ஒரே இடம் அந்தப் புல்வெளிதான். அது ஒரு பெரிய விடுதலை என்று எனக்குத் தோன்றும்.

றஜீவும் இவரும் தொண்ணூறாம் ஆண்டு ஓ.எல். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. லண்டனுக்கும் ஒன்றாகவே வந்தார்கள். நான் கல்யாணமாகி வந்த முதல் கிழமையிலேயே அந்தக் கதையை இவர் எனக்குச் சொன்னார். பிறகு எந்தப் பிறந்தநாள் விழாவிலும் இரண்டாவது கிளாசுக்குப் பிறகு அதே கதைதான். விமானநிலைய வரிசையில் என்ன சொல்ல என்று றஜீவ் இவர் முகத்தைப் பார்த்தானாம். இவர் காதுக்குள் சொன்னாராம்: "டேய், எனக்கு மீசை இருக்கு, என்னை நம்பமாட்டாங்கள். நீ ஆள் சின்னன். பதினாறு எண்டு சொல்லு." இருபது வயதுப் பெடியன் பதினாறு என்றான். அன்றிலிருந்து றஜீவ் பிறந்தது எழுபத்தெட்டாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி. இவர் இதைத் தன் கெட்டித்தனத்துக்குச் சான்றாகச் சொல்லிச் சிரிப்பார், றஜீவும் பக்கத்தில் இருந்து சிரிப்பான், நாங்களும் சிரிப்போம்.

போன வருஷ விழாவில்தான் அந்தத் தொண்ணூறாம் ஆண்டு வகுப்பு முதன்முறையாக ஐம்பதுக்கு மேற்பட்டோர் ஓட்டத்துக்கு வந்து சேர்ந்தது. இவர் மாசிமாதத்திலேயே சப்பாத்து வாங்கிவிட்டார். பின்வளவில் ஓடி ஓடிப் புல்லெல்லாம் செத்துப்போயிற்று. முதல் பரிசைப் பிரபுக்கள் சபை லோட் ஒருவர் வந்து கொடுக்கப்போகிறார், அதைத் தலைவரே வாங்கவேண்டும் என்பது இவருடைய ஆசை. றஜீவ் ஷிப்ட் முடிந்து நேரே வந்தான். பஸ் கொம்பனி நீளக் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு ஓடினான். பாதித் தூரத்தில் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டும் இவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தான்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்று அவன் சொன்னான்: "பத்மன், பஸ்ஸைப் பிடிக்க ஓடி வாற ஆக்களை நான் கண்ணாடியில நாள் முழுக்கப் பார்க்கிறனான். நீ அவையளைவிட மோசமாய் ஓடுறாயடா!" மைதானமே சிரித்தது. கூழ் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் அகப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். லோட்டுக்கு யாரோ மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் சிரித்தார். இவரும் பல்லைக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டதை நான் அடுப்படி ஜன்னலால் பார்த்தேன்.

புரட்டாதியில் நாங்கள் இரண்டு பேரும் கிரேக்க நாட்டுக்குப் போனோம். பயண முகவரிடம் எடுத்த சுற்றுலா. எனக்குக் கடல் போதும். இவருக்கு ஒலிம்பியா பார்க்கவேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. பைன் மரங்களில் சில்வண்டுகள் கத்திக்கொண்டே இருந்தன. பெரிய கோயில் ஒன்று பூமி நடுக்கத்தில் விழுந்து, அதன் தூண்கள் வட்டம் வட்டமாக உடைந்து, வெட்டிப் போட்ட வாழைத்தண்டுத் துண்டுகள் மாதிரி வரிசையாகச் சரிந்து கிடந்தன. இவ்வளவு பெரிய கடவுளுக்கும் இதுதானா கதி என்று எனக்கு உண்மையில் கவலையாக இருந்தது. இவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓடுதிடல் எங்கே, ஓடுதிடல் எங்கே என்று வழிகாட்டிப் பெண்ணை அரித்துக்கொண்டிருந்தார்.

ஓடுதிடலுக்குப் போகிற வழியில், ஒரு குன்றின் அடிவாரத்தில், கற்பீடங்கள் வரிசையாக இருந்தன. மேலே ஒன்றும் இல்லை, வெறும் பீடங்கள். வழிகாட்டிப் பெண் நின்று விளக்கம் சொன்னாள். அந்தக் காலத்தில் போட்டியில் களவு செய்து பிடிபட்டவர்களிடம் தண்டம் அறவிட்டு, அந்தக் காசில் சேயுஸ் கடவுளுக்கு வெண்கலச் சிலைகள் செய்து இங்கே நிறுத்தினார்களாம். யார் செய்த களவு என்பதையும் பீடத்தில் எழுதி வைத்தார்களாம். ஓடப்போகிற ஒவ்வொருவனும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். வெற்றியைக் காசால் அல்ல, கால் வேகத்தாலும் உடல் வலிமையாலும் பெறவேண்டும் என்று ஒரு பீடத்தில் எழுதியிருந்ததாம். சிலைகளை எப்போதோ யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

மற்றவர்கள் வளைவு வாசலுக்குள்ளால் திடலுக்குள் போய், கல்லில் வெட்டிய தொடக்கக் கோட்டில் கால் வைத்துப் படம் எடுத்தார்கள், சிலர் வேடிக்கைக்கு ஓடினார்கள். இவர் வரவில்லை. நான் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு பீடத்தையும் குனிந்து குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சந்தோஷத்தைக் கண்டேன். நானும் ஒரு மடைச்சி, கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் சங்கச் செயற்குழுக் கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. செயலாளர் அருள்நேசன், அவனும் அதே வகுப்பு, குறிப்பு எழுதப் பேனையோடு இருந்தான். றஜீவையும் இவர் வரச்சொல்லியிருந்தார். அவன் விழாவுக்கு எடுத்த ரென்ற் கூடாரங்களின் வாடகை விஷயம் என்று நினைத்து, வரும்போது என் கையில் ஒரு பை கத்தரிக்காயைத் தந்து, "தங்கச்சி, எங்கட வளவில காய்ச்சது" என்றான். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனபோது இவர் தொண்டையைச் செருமினார்.

"றஜீவ், உன்ர லைசென்ஸை ஒருக்காக் காட்டு."

"என்னடா, பொலிஸ் வேலைக்கும் சேந்திட்டியோ?" அவன் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தான்.

இவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "எழுபத்தெட்டு. அப்ப போன ஆடியில உனக்கு நாப்பத்தாறு. ஐம்பதுக்கு மேற்பட்டவையின்ர ஓட்டத்தில நீ எப்பிடி ஓடினனி?"

"பகிடி விடாத பத்மன். நானும் நீயும் ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள்."

"அப்ப லைசென்ஸ் பொய்யோ?"

றஜீவின் சிரிப்பு அப்போதும் முழுவதாகப் போகவில்லை. இவர் குரலை உயர்த்தவும் இல்லை. அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு விளங்கப்படுத்துகிற அதே குரலில் சொன்னார்: "பொய் எண்டால் சொல்லு, குறிப்பில எழுதுவம். லைசென்ஸ் பொய், பாஸ்போட் பொய், உள்துறை அமைச்சுக்குச் சொன்னதும் பொய். உனக்கு உண்மையில ஐம்பது, நீ களவு செய்யேல்லை. அருள்நேசன் பேனையோடதான் இருக்கிறான். பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைப் பறிக்கலாம் எண்டு சட்டம் இருக்கு, அது உனக்குத் தெரியும்தானே? உன்ர வேலையும் அதோட போகும். யோசிச்சுச் சொல்லு."

றஜீவ் அருள்நேசனைப் பார்த்தான். அருள்நேசன் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் எதையோ தேடினான். மற்ற இரண்டு பேரும் என்னுடைய திரைச்சீலையை இதற்குமுன் பார்த்ததே இல்லாதவர்கள் போல அதைப் பார்த்தார்கள்.

"எழுபத்தெட்டுத்தான்" என்றான் றஜீவ்.

பரிசு பறிக்கப்பட்டது. ஒரு கல் வெட்டுவது என்றும், கிரேக்கர் வழக்கப்படி செலவு குற்றவாளியுடையது என்றும் தீர்மானித்தார்கள். றஜீவ் எழுந்து போகும்போது சப்பாத்து நாடாவைக் கட்ட மறந்துவிட்டான்.

எல்லோரும் போனபிறகு அடுப்படிக்குள் வைத்து நான் கத்தினேன். "உங்களுக்கு நெஞ்சில ஈரம் இல்லையோ? அந்த மனுசனுக்கு அந்த வயதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கள்தானே!"

"ஓம்" என்றார், கோப்பையைக் கழுவியபடி. "அதாலதான் எனக்குத் தெரியும், அவன் வாய் திறக்கமாட்டான். நீயும் திறக்கமாட்டாய். ஆர் அவனுக்காகக் கதைச்சாலும் அவனைத்தான் காட்டிக்குடுப்பினம்."

உண்மையைச் சொன்னால் அவன் வாழ்க்கை போகும், சொல்லாவிட்டால் பெயர் போகும். அவன்மேல் பிரியமுள்ள ஒவ்வொருவரும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தே ஆகவேண்டும். வேறொருவன் இப்படி ஒரு பொறியைச் செய்திருந்தால் அவனுடைய மூளையை மெச்சியிருப்பேன். செய்தவர் என் புருஷன். அந்தக் கத்தரிக்காயை நான் சமைக்கவில்லை. அது வாடி வதங்கியபிறகு எறிந்தேன்.

கல் பங்குனியில் வந்தது. வெட்டுமுன், தமிழ் தெரியாத கடைக்காரன் தொலைபேசியில் எடுத்து, பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கிறது, இறந்த ஆண்டு விடுபட்டுப்போயிற்றா என்று கேட்டான். இவர் அதைப் பெரிய பகிடியாக ஊரெல்லாம் சொன்னார். கவுன்சில் மைதானத்தில் நிரந்தரமாகக் கல் நட அனுமதி இல்லை. ஆகவே வருஷம் முழுவதும் எங்கள் கராஜில் கிடந்து, விழாவன்று மட்டும் காரில் போய் வருவது என்று ஏற்பாடு.

இந்த வருஷம் றஜீவ் விழாவுக்கு வரமாட்டான் என்றுதான் நான் நினைத்தேன், சாமிக்கு நேர்ந்தும் வைத்தேன். ஆனால் அவனுக்குக் கோசிகா இருக்கிறாள். பன்னிரண்டு வயது, ஒரே பிள்ளை, தகப்பனுடைய கால்கள். வருஷம் முழுக்க இந்த விழாவுக்காகவே ஓடிப் பழகுகிறவள். அவளுக்குத் தகப்பன் நாற்பத்தேழு வயதுக்காரர்; ஜனவரி முதலாம் திகதி கேக் வெட்டுகிறவர். தகப்பன் போன வருஷம் வென்ற பரிசைச் சாமி அறையில் வைத்திருந்தாள். அது எங்கே போயிற்று என்று கேட்டதற்குச் சங்கத்தில் பெயர் வெட்டக் கேட்டார்கள் என்று சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் அவள் ஏன் என்று கேட்பாள். அதனால் வந்தான்.

ஒவ்வொரு வருஷமும் போலவே விடியவே வந்து ரென்ற் அடித்தான், ஐஸ் பெட்டி தூக்கினான். இவர் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார். "றஜீவ், இதில ஒரு பாரம் இருக்கு. ஒரு கை பிடி."

போர்வைக்குள் இருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியும். அவனும் அருள்நேசனுமாகத் தூக்கினார்கள். இவர் முன்னால் நடந்து, ஓடுபாதைக்குப் போகிற வழியில் இரண்டு ரென்றுகளுக்கு நடுவே இடம் காட்டினார். "கொஞ்சம் இடப்பக்கம். இல்லை, சரிவாய் வை, வாசிக்கத் தெரியவேணும்." றஜீவ் முழங்காலிட்டுத் தன் பெயரைச் சரிவாக வைத்தான். இவர் போர்வையை உருவினார்.

"றஜீவ், பிறப்பு 1978. வயதில் பொய் சொல்லி ஓடி வென்றவர். வெற்றியைப் பொய்யால் அல்ல, கால் வேகத்தால் பெறுக."

பெரியவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். வாசித்தவர்கள் உடனே கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். அவன் வகுப்புக்காரர் ஒரு டசின் பேராவது அங்கே நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. மைக் வைத்திருந்த மேசையை நோக்கி நடக்கத் தொடங்கினேன். என்ன சொல்லப்போகிறேன் என்றுகூடத் தெரியாது. பாதி வழியில் றஜீவின் மனைவி துசியந்தி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் போயிற்று.

"அக்கா, வாயைத் திறவாதேங்கோ. உங்கட காலில விழுறன். அவர் கள்ளனாய் இருக்கட்டும். எங்களுக்கு இங்க இருக்கவேணும்."

நான் திரும்பி வந்து கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன்.

பிள்ளைகள் கல்லைத் தாண்டி ஓடி ஓடித் திரிந்தார்கள். லண்டனில் பிறந்ததுகள், தமிழ் பேசும், வாசிக்காது. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்தேன். ஆனால் கோசிகா வாசிப்பாள். ஹரோவுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ் வகுப்புக்கு அவளைக் கூட்டிவருவதற்காகவே றஜீவ் சனிக்கிழமை ஷிப்ட் எடுப்பதில்லை. அதுவும் இவருக்குத் தெரியும்.

அவளுடைய ஓட்டத்தில் அவள்தான் முதல். பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துள்ளித் துள்ளி வந்தவள் கல்லுக்கு முன்னால் நின்றாள். சனிக்கிழமை வகுப்பில் செய்வதுபோல எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, சத்தமாக வாசித்தாள். "ற… ஜீ… வ்." பிறகு ஆண்டை. பிறகு "பொய்" என்ற சொல்லை இரண்டு தரம்.

"அப்பா, இது நீங்களா?" மிச்சத்தை அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். நீங்கள் களவு செய்தீர்களா, போன வருஷம் உங்களுக்கு நாற்பத்தாறுதானே, ஐம்பதுக்கு மேற்பட்டவர்களோடு ஏன் ஓடினீர்கள், ஆட்கள் போதாது, அதனால் சேர்த்தார்கள் என்றுதானே எனக்குச் சொன்னீர்கள்.

றஜீவ் கையில் ஐஸ் பெட்டியோடு நின்றான். அவன் முதலில் இவரைப் பார்த்தான். கோபத்தோடு அல்ல, விமானநிலைய வரிசையில் என்ன சொல்ல என்று கேட்டுப் பார்த்த பெடியன் இப்படித்தான் பார்த்திருப்பான். இவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓம் பிள்ளை" என்றான் றஜீவ். "அப்பா களவுதான் செய்தனான். வெல்லவேணும் எண்டு ஆசையில செய்திட்டன்."

இவர் மைக்கை எடுத்தார். "குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் ஒரு மனசு வேணும். றஜீவுக்கு எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ."

தட்டினார்கள். தொண்ணூறாம் ஆண்டு வகுப்பும் தட்டியது. அருள்நேசன் எல்லோருக்கும் முன்னால் தட்டினான். தட்டாமல் நின்றால் யாராவது ஏன் என்று கேட்டுவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். துசியந்தியும் தட்டினாள்.

கோசிகா தகப்பனிடம் போகவில்லை. பதக்கத்தைக் கழற்றிக்கொண்டு நேரே இவரிடம் போனாள். வகுப்பில் சொல்லிக்கொடுத்த நல்ல தமிழில், ஒவ்வொரு சொல்லாக யோசித்துச் சொன்னாள். "பத்மன் மாமா, எங்கள் அப்பா செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்." பதக்கத்தை நீட்டினாள். இவர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அவள் தலையைத் தடவி, "நல்ல பிள்ளை" என்றார். அந்தக் கையை முறித்து அடுப்பில் வைக்கவேண்டும் போல இருந்தது எனக்கு.

பின்னேரம் ரென்ற் எல்லாம் கழற்றியாயிற்று. இவர் வந்திருந்த பிரமுகர்களை வழியனுப்பிக்கொண்டு நின்றார். கல்லைக் காரில் ஏற்ற வேண்டும். அருள்நேசன் எப்போதோ நழுவிவிட்டான். றஜீவ் தனியாகவே அதை நிமிர்த்தி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தான். விளிம்பு உடைந்துவிடாமல் மெதுவாக வைத்து, போர்வையை நான்கு பக்கமும் சொருகினான். அவனுடைய கார் எதிரே நின்றது. கோசிகா பின்சீற்றில் இருந்து மற்றப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அவன் கையைக் காட்டித் தடுத்தான்.

"தங்கச்சி, உங்களிட்ட ஒண்டு கேக்கிறன். அவள் நம்பிட்டாள்தானே?"

"ஓம் அண்ணை. நம்பிட்டாள்."

"ஒரு சந்தேகமும் இல்லையே? பேந்து வயதைப் பற்றித் தோண்டித் துருவமாட்டாள்தானே?"

"இல்லை அண்ணை. நீங்கள் களவு செய்தனீங்கள் எண்டு வடிவாய் நம்பிட்டாள்."

"அப்ப சரி" என்று சொல்லி, காரின் பின்கதவை மூடினான்.